கதவைக் கழற்றுமுன் கீலைப் பாருங்கள்

சமையலறையையே மாற்றப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அந்தத் தேவையே இல்லை. கீலையும் டிராயர் சேனலையும் கைப்பிடியையும் மாற்றினால் போதும். ஹார்டுவேர் கடைக்காரி சொன்னால் சரக்கு தள்ளிவிடப் பார்க்கிறாள் என்றுதான் தோன்றும். கணக்குப் பார்த்தால் எனக்கு நஷ்டம். புதுசாக மாடுலர் கிச்சன் போட்டால் பிளைவுட், சன்மைக்கா, பசை, கூடை, சேனல் என்று என் கடையிலிருந்து ஒரு குட்டியானை நிறையச் சாமான் போகும். கீல் மட்டும் மாற்றினால் ஒரு கைப்பை. அப்படியிருந்தும் சொல்கிறேன் என்றால், நல்ல பலகைகளைக் குப்பை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்ததால்தான்.

தூத்துக்குடியில் என் மாமனார் தொடங்கிய கடை இது. வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை, கல்லாவில் நான். புதிதாக வருகிறவர்கள் இன்றைக்கும் வாசலில் நின்றபடி, "அண்ணாச்சி இல்லையா?" என்று கேட்பார்கள். "அவ்வொ வேலைக்குப் போயிருக்காவ. உங்களுக்கு எந்தக் கிராங்க் வேணும்?" என்று திருப்பிக் கேட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே வந்து உட்காருவார்கள். கிராங்க் என்பது ஆட்டோ கீலின் கையில் உள்ள வளைவு. கதவு, பெட்டியின் பக்கப்பலகையை முழுதாக மூடினால் வளைவில்லாத 0 கிராங்க். நடுப்பலகை ஒன்றை இரண்டு கதவுகள் பாதிப்பாதியாகப் பங்கு போட்டால் 8. கதவு பெட்டிக்குள்ளேயே அடங்கி உட்கார்ந்தால் 15. செல்போனில் படத்தைக் காட்டி "இதே மாதிரி கொடுங்க" என்றால் எனக்குத் தெரியாது. கதவு எங்கே வந்து உட்காருகிறது என்று சொன்னால்தான் தெரியும். இது தெரியாமல் வாங்கிப் போய் மாட்டி, கதவு மூட மறுத்து, 'கம்பெனி சரியில்லை' என்று திரும்பி வந்தவர்கள் நிறைய.

எங்கள் ஊரில் இரும்புக்கு ஆயுசு குறைச்சல். கிழக்கே கடல், ஊரைச் சுற்றி உப்பளம். கொண்டல் காற்று அடிக்கிற நாட்களில் ஜன்னல் கம்பியைத் தடவிவிட்டு விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்தக் காற்று சமையலறைக்குள்ளும்தான் வருகிறது. ஆட்டோ கீல்களில் பெரும்பாலானவை இரும்பில் செய்து மேலே நிக்கல் பூச்சு ஏற்றியவை. பூச்சில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்தால் போதும், துரு உள்ளே போய்ப் பரவத் தொடங்கிவிடும். அதனால் கடலோரத்து வீடுகளுக்கு எஸ்.எஸ். கீல் கேட்கச் சொல்வேன். அதிலும் வெறுமனே 'எஸ்.எஸ்.' என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பக்கூடாது. 304 என்றால் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202 என்றால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். விலையும் குறையும், துருவைத் தாங்கும் தெம்பும் குறையும். சிலர் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்த்து, ஒட்டவில்லை என்றதும் திருப்தியாகிவிடுவார்கள். 202-லும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. அந்தச் சோதனையால் இரண்டையும் பிரிக்க முடியாது. பெட்டியில் எண் இருக்க வேண்டும், பில்லிலும் அந்த எண் ஏற வேண்டும். அதற்கு மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். என் கடையாக இருந்தாலும் சரி.

காற்றை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சிங்க்குக்குக் கீழே உள்ள பெட்டியில் மட்டும் கீல் சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று யாராவது சொன்னால், "அங்கே என்ன வச்சிருக்கீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். பத்தில் எட்டு வீட்டில் பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பாட்டில் அங்கேதான் நிற்கும். பக்கத்திலேயே பிளீச்சிங் பவுடர். ஆசிட்டை எவ்வளவு இறுக்கி மூடினாலும் கொஞ்சம் ஆவி கசியும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி போக வழியில்லாமல் கீலில்தான் போய்ப் படியும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு வரும், அது மூச்சுக்கே ஆபத்து. கீல் கிடக்கட்டும், அந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டையும் பிரித்து வெளியே வையுங்கள். பாட்டிலை எடுக்காமல் எந்தக் கம்பெனிக் கீலை மாட்டினாலும் கதை ஒன்றுதான்.

கதவு தொங்கிவிட்டது, இரண்டு கதவுக்கும் நடுவே சந்து கோணலாகத் தெரிகிறது, உரசுகிறது — இதற்காகக் கிச்சனையே பிரிக்கக் கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆட்டோ கீலில் இதற்கென்றே திருகுகள் வைத்திருக்கிறார்கள். கதவுப் பக்கமாக உள்ள முன் திருகைத் திருப்பினால் கதவு இடம் வலமாக நகரும். பின்னால் உள்ளதைத் தளர்த்தினால் முன்னும் பின்னும் நகரும். பெட்டியில் பதிந்திருக்கும் தகட்டின் திருகுகளைத் தளர்த்தினால் மேலும் கீழும். நட்சத்திரமுனைத் திருப்புளி ஒன்று, கதவைத் தாங்கிப் பிடிக்க வீட்டில் ஒரு ஆள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவ்வளவுதான் வேலை. கிரீச்சென்று சத்தம் வந்தால் சமையலெண்ணெய் விடாதீர்கள். அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

திருகு பிடிக்கவே மாட்டேன் என்கிறது, துளை பெரிசாகிவிட்டது என்றால் விஷயம் பலகைக்குப் போகிறது. இங்கேதான் 2023 டிசம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. தூத்துக்குடி நகரத்துக்குள் தாழ்வான பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. வடிந்த பிறகு கடை வாசலில் ஒவ்வொருவரும் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றார்கள். பைக்குள் சேறும் துருவும் அப்பிய கீல்கள். "இதுக்குப் பதிலா புதுசு குடுங்கக்கா." எல்லோரிடமும் ஒன்றையே கேட்டேன்: கதவுப் பலகையின் ஓரம் ஊதியிருக்கிறதா, விரலால் அழுத்தினால் பொடிகிறதா?

பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளையும் சீவலையும் பசை போட்டு அழுத்திய பலகை. தண்ணீர் ஏறியதும் ரொட்டி மாதிரி ஊதிவிடும், காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது, திருகு நிற்காது. அப்படி ஊதிய கீழ்ப்பெட்டிகளைத் தூக்கிப் போடத்தான் வேண்டியிருந்தது. ஆனால் ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட்டில் செய்த பெட்டிகள், அதே தெருவில் அதே தண்ணீரில் நின்றவை, நிழலில் காய்ந்த பிறகு பெரும்பாலும் மீண்டும் வேலைக்கு ஆகின. ஓரத்தில் சன்மைக்கா பிரிந்த இடத்தில் பசை போட்டுக் கிளாம்பு வைத்தார்கள். கீல், சேனல், திருகு மட்டும் புதிது. அந்தச் சமையலறைகளில் சில இன்றைக்கும் நன்றாகவே ஓடுகின்றன. அதே சமயம், காயக்கூட விடாமல் "எல்லாம் போச்சு, மொத்தமா மாத்திரணும்" என்று சொல்லி நல்ல பிளைவுட்டையும் சேர்த்துப் பிரித்தெடுத்த ஒப்பந்தக்காரர்களும் இருந்தார்கள். வெள்ளத்தில் வந்தது பாதி நஷ்டம், பதற்றத்தில் வந்தது மீதி.

பெட்டி நல்ல பலகையாக இருந்து திருகுத் துளை மட்டும் தளர்ந்திருந்தால், துளையைச் சுத்தமாகப் பெரிசாக்கி, மரக்குச்சியைப் பசையில் தோய்த்து அடித்து, காய்ந்ததும் மேலே வெட்டிச் சமமாக்கி, புதிதாகத் துளையிட்டுத் திருகலாம். தீக்குச்சியைச் செருகுவது பழைய வைத்தியம்; மரத்திலும் பிளைவுட்டிலும் ஓரளவு தாங்கும், பார்ட்டிகிள் போர்டில் சில மாதம்கூட வராது. அதில் கீலுக்கு 35 மில்லிமீட்டர் கிண்ணத்துளை போட்ட இடமே பிய்ந்துவிட்டால், கீலைப் பிடிக்க அகலமான ஒரு தகடு கிடைக்கிறது, அதை வைத்துப் பார்க்கலாம். அதற்கும் மேலே போனால் அந்தக் கதவை மட்டும் மாற்றுங்கள், பெட்டியை விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் வீட்டுக்காரர்கள் கேட்பதே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். கிச்சன் வேலை எல்லாம் சதுர அடி ரேட்டில் பேசப்படுகிறது. 'ஹார்டுவேரோட சேத்து சதுர அடி இவ்வளவு' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்குள் கீல், சேனல், கைப்பிடி, திருகு எல்லாம் ஒளிந்திருக்கின்றன. பேரம் பேசிச் சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைத்துவிட்டோம் என்று வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார். அந்த நூறு எங்கிருந்து குறைந்தது என்று என் கல்லாவில் உட்கார்ந்தால் தெரியும். முதல்நாள் ஒரு கம்பெனிச் சேனல் பற்றி விசாரித்த அதே மேஸ்திரி, மறுநாள் வந்து, "யக்கா, அதுல்லாம் வேண்டாம், ஓடுனா போதும்" என்று பேரில்லாத சேனலை அள்ளிக்கொண்டு போவார். கண்ணுக்குத் தெரியும் சன்மைக்காவில் கை வைக்க முடியாது, வீட்டம்மா தேர்ந்தெடுத்த நிறம் அது. கண்ணுக்குத் தெரியாத கீலில் கை வைக்கலாம். ஒரு வருஷத்தில் டிராயர் பிதுங்கும், கதவு தொங்கும், 'மாடுலர் கிச்சனே இப்படித்தான்' என்று பேராகிவிடும். மேஸ்திரியை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ஒற்றை வரி ரேட்டில் அவரும் வயிறு கழுவ வேண்டும். விலைப் பட்டியலில் ஹார்டுவேரைத் தனி வரியாக, கம்பெனி, மாடல், எண்ணிக்கையோடு எழுதச் சொல்லுங்கள். கதவுக்கு எத்தனை கீல் என்பதையும் சேர்த்து. மூன்றடி உயரம் வரை இரண்டு போதும். அதற்கு மேல் மூன்று. ஆளுயரக் கதவுக்கு நான்கு. பெரிய கதவில் இரண்டே கீலை மாட்டிவிட்டுக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது.

சாஃப்ட் குளோஸ் பற்றிக் கேட்பார்கள். பாத்திர டிராயருக்கு நல்லது. வருஷத்துக்கு இரண்டு தடவை திறக்கிற பரண் கதவுக்கு எதற்கு?

இனி கைப்பிடி. எல்லோரும் ஆசையாகப் பேசுவது இதைப் பற்றித்தான். நான் சண்டை போடுவதும் இதற்காகத்தான். கைப்பிடி தேர்ந்தெடுக்க வருகிறவர் பெரும்பாலும் பணம் கொடுக்கிறவர்; சமைக்கிறவர் வீட்டில் இருப்பார். "சமைக்கிறவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்று நான் திருப்பி அனுப்பியதுண்டு. அவர் வந்தால் பேச்சே வேறு. இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக் கைப்பிடி படத்தில் அழகு. அடுப்படியில் திரும்பும்போது முந்தானையும் துப்பட்டாவும் அதில்தான் மாட்டும். முனை வளைந்து பலகையோடு சேர்கிற கைப்பிடி அந்தத் தொல்லை தராது. உருண்டைக் குமிழ் விலை குறைவு, ஒரே துளை, மாட்டுவதும் சுலபம். ஆனால் மூட்டுவலி உள்ள அம்மாவுக்கு அதை விரலால் இறுக்கிப் பிடித்து இழுக்க வராது. வளைவான கைப்பிடியில் விரலைக் கொக்கி போல மாட்டி இழுத்துவிடலாம். மாவுக் கையோடு இருந்தால் சுண்டு விரலே போதும்.

கைப்பிடியே வேண்டாம், கதவின் ஓரத்தில் அலுமினியப் பள்ளம் போதும் என்பது இப்போதைய மோகம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. தினமும் மூன்று வேளை தாளிக்கிற வீட்டில் அந்தப் பள்ளத்துக்குள் எண்ணெய்ப் பிசுக்கும் மிளகாய்த்தூளும் படிந்து, அதற்குள் கரப்பான் குஞ்சு பொரிக்கும். துடைக்க ஆள் இருந்தால் போடுங்கள். தள்ளினால் திறக்கிற கதவில் கைரேகை தெரியாத சன்மைக்கா நிறம் ஏதாவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். பளபள குரோம் பூச்சுள்ள கைப்பிடிகள் பல துத்தநாகக் கலவையில் வார்த்தவை. கையில் எடுத்தால் கனமாக இருக்கும், அதனால் தரமென்று நினைத்துவிடுவோம். எங்கள் காற்றில் பூச்சுக்குள் கொப்புளம் கட்டிப் பொருக்குப் பொருக்காக உதிரும், உதிர்ந்த ஓரம் விரலைக் கீறும்.

பழைய கைப்பிடியைக் கழற்றிப் புதியது மாட்டுகிறவர்கள் எல்லோரும் சிக்கிக்கொள்வது துளை இடைவெளியில். இப்போது வருகிற கைப்பிடிகளில் இரண்டு திருகுக்கும் நடுவே 96, 128, 160 மில்லிமீட்டர் என்று இடைவெளி இருக்கும். எல்லாம் 32-இன் மடங்கு. ஐரோப்பாவில் அலமாரித் தொழிற்சாலைகளின் துளையிடும் எந்திரங்களுக்கு வகுத்த கணக்கு அது. நம் ஊரில் பழைய கதவுகளில் ஆசாரி அங்குலத்தில் துளை போட்டிருப்பார். 4 அங்குலம் என்றால் 101.6 மில்லிமீட்டர். 96 வாங்கிப்போனால் ஐந்தரை மில்லிமீட்டர் இடிக்கும், திருகு ஏறாது. வளைத்து ஏற்றப் பார்த்தால் மரை பிய்யும். வழி இருக்கிறது: இரண்டு துளையையும் மறைக்கிற அளவுக்குப் பின்தகடு உள்ள கைப்பிடி வாங்கலாம். அல்லது பழைய துளையை மக்கு வைத்து அடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாம். பெயிண்ட் அடித்த கதவில் அடைத்த தடம் மறைந்துவிடும். சன்மைக்காவில் தெரியும், அங்கே பின்தகடுதான் நல்லது. கைப்பிடியின் மொத்த நீளத்தை அளந்துவிட்டு வராதீர்கள். திருகிலிருந்து திருகுக்கு, நடுவிலிருந்து நடுவுக்கு.

பழைய வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கடப்பாக்கல் தட்டுக்கு முன்னால் மரச்சட்டம் அடித்து, தேக்கிலோ வேம்பிலோ கதவு மாட்டிய சமையலறைகள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கதவுகளை எக்காரணம் கொண்டும் விற்காதீர்கள். பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்துக் கீலே தெரியாமல் மூடியிருக்கும். கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டால் பெயிண்ட் தோலாக உரிந்து வரும், அடியில் பித்தளை இருந்தாலும் இருக்கும். புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடும். கடையில் வாங்கும் புதுப் பித்தளைக் கைப்பிடிக்குப் புளி வைக்கக்கூடாது, அதன்மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும், அது போய்விடும். பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்கவும் வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் என்ன இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தத் தூசி பறக்க வேண்டாம், நனைத்துத் தேய்க்கட்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் வாங்கிய பித்தளை வளையத்தைக் கொண்டுவந்து, "இதை என் கிச்சன் கதவில் மாட்டணும்" என்பார்கள். எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் அது செட்டிநாட்டு வீட்டின் கனத்த தேக்குக் கதவைத் தாங்கவென்று வார்த்தது. 18 மில்லிமீட்டர் பலகையில் மாட்டினால் கதவு திறக்கும்போதெல்லாம் வளையம் அடித்து அடித்துச் சன்மைக்காவில் பள்ளம் விழும். பூஜை அலமாரிக்கு மாட்டுங்கள். மசாலா டப்பா பெட்டிக்கு வேண்டாம்.

ஒரு நிஜமான சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். கீல் மாற்ற ஆள் கிடைப்பதில்லை. புதுக் கிச்சன் என்றால் மேஸ்திரி ஓடிவருவார்; எட்டுக் கதவுக்குக் கீல் மாற்ற வேண்டும் என்றால் "அடுத்த வாரம் பாக்கலாம்" என்பார். அந்த அடுத்த வாரம் வராது. அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு: கதவுக்கு இவ்வளவு என்று பேசினால் துளை அடைத்து, காயவிட்டு, மறுநாள் வந்து மாட்டுகிற வேலைக்குக் கூலி கட்டாது. நாள் கூலி பேசுங்கள், சாமானை நீங்களே வாங்கிக் கொடுங்கள். இன்னொன்றை அரசு செய்யலாம். ஐ.டி.ஐ.களில் தச்சுத் தொழில் ஒரு பிரிவாக ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஆட்டோ கீல், சேனல், துளை திருத்துதல், பலகை அடையாளம் காணுதல் ஆகியவற்றைச் சேர்த்து, ஏற்கெனவே வேலை பார்க்கிற ஆசாரிகளுக்கும் சனி ஞாயிறுகளில் குறுகிய பயிற்சி கொடுக்கலாம். பெண்களும் இந்த வேலைக்கு வரலாம்; கனமான எதையும் தூக்க வேண்டியதில்லை, ஒரு டிரில் மெஷினும் 35 மில்லிமீட்டர் பிட்டும் இருந்தால் தொழில் தொடங்கிவிடும். எங்கள் தெருவில் தையல் கடை நடத்துகிற ஒரு பெண் தன் வீட்டுச் சமையலறைக் கதவுகளை முழுக்கத் தானே மாட்டினாள். அளவு பிசகாத கை அவளுக்கு. என்னிடம் சரக்கு எடுக்கிற சில மேஸ்திரிகளுக்கு அந்தக் கை இல்லை.

கடைக்கு வரும்போது படம் போதாது. பழைய கீல் ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், துரு அப்பியிருந்தாலும் பரவாயில்லை. கைப்பிடியும் ஒன்று. டிராயரின் உள்நீளம் எத்தனை அங்குலம் என்று ஒரு துண்டுச்சீட்டில். மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் கூட்டம் குறைவாக இருக்கும், உட்கார்ந்து பேசலாம்.